சைக்கிளில் கம்பியில்லா மின்னணு கியர்: பொருத்துவது எப்படி? நடுவழியில் கைவிடாமல் காப்பது எப்படி?

புது தில்லி: ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பின் கீழ் நடைபெறும் 600 கி.மீ. சைக்கிள் பயணத்தை 40 மணி நேரத்துக்குள் நிறைவு செய்ய வேண்டும். சோதனை நிலையங்களைத் தவிர வேறெங்கும் உதவி வாகனத்தின் துணையைப் பெற முடியாது. அத்தகைய பயணத்தின் இரண்டாம் இரவில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் கியர் மாற மறுத்தால், பல மாத உழைப்பு அங்கேயே முடிந்துவிடும்.

விலையுயர்ந்த சாலை சைக்கிள்களில் இடம்பிடித்துவிட்ட கம்பியில்லா மின்னணு கியர் குறித்து நெடுந்தொலைவு ஓட்டிகள் எழுப்பும் முதல் ஐயமும் இதுவே. சரியாகப் பொருத்தி, பேட்டரியைக் கவனித்துவந்தால் இந்த அமைப்பு பழைய கேபிள் கியரை விடக் குறைந்த தொல்லையே தரும். எனினும், அதற்குப் பராமரிப்பே தேவையில்லை என்று கருதுவது தவறு.

வழக்கமான சைக்கிளில் கைப்பிடியிலிருந்து செல்லும் எஃகுக் கம்பி, சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் 'டிரெய்லியர்' என்ற பாகத்தை இழுக்கிறது. நாளடைவில் கம்பி தளரும். அதன் உறைக்குள் மழைநீரும் தூசியும் புகுந்து துரு ஏறும். கியர் மாற்றம் மந்தமாகும். மின்னணு அமைப்பில் இந்த வேலையை டிரெய்லியருக்குள் உள்ள சிறு மோட்டார் செய்கிறது. கைப்பிடியிலுள்ள பொத்தான் வானொலி அலை மூலம் அதற்குக் கட்டளை அனுப்புகிறது.

இந்த எண்ணம் புதியதல்ல. பிரான்ஸின் மாவிக் நிறுவனம் 1999-ஆம் ஆண்டிலேயே 'மெக்ட்ரானிக்' என்ற பெயரில் கம்பியில்லா கியரை விற்பனைக்குக் கொண்டுவந்தது, அது நிலைக்கவில்லை. ஜப்பானின் ஷிமானோ 2009-இல் மின்கம்பியால் இணைக்கப்பட்ட 'டிஐ2' அமைப்பை சாலை சைக்கிள்களுக்கு வெளியிட்டது. அமெரிக்காவின் ஸ்ராம் 2015-இல் அறிமுகப்படுத்திய 'ஈடேப்' அமைப்புதான் கம்பியில்லா முறையை நிலைபெறச் செய்தது. 2021 முதல் ஷிமானோவின் உயர்தர சாலை சைக்கிள் பாகங்களில் கைப்பிடிகள் கம்பியின்றி இயங்குகின்றன. ஆனால் இரு டிரெய்லியர்களும் சட்டகத்துக்குள் உள்ள ஒரே பேட்டரியுடன் கம்பியால்தான் இணைக்கப்பட்டுள்ளன. ஸ்ராமில் ஒவ்வொரு டிரெய்லியருக்கும் கழற்றி மாட்டக்கூடிய தனித்தனி பேட்டரி உண்டு. இந்த வேறுபாடு பின்னர் முக்கியமாகிறது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

'கம்பியில்லா' என்ற சொல் கியருக்கு மட்டுமே பொருந்தும், பிரேக்குக்கு அல்ல. பிரேக்கின் கேபிளோ திரவக் குழாயோ சட்டகத்தின் வழியாகச் செல்லவே செய்யும். ஸ்ராம் சாலை சைக்கிள்களின் டிஸ்க் பிரேக்கில் டாட் வகைத் திரவமும், ஷிமானோவில் மினரல் ஆயிலும் பயன்படுகின்றன. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, பிரேக்கே செயலிழக்கக்கூடும்.

பழைய சைக்கிளை மேம்படுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது பின்சக்கரத்தில்தான். ஸ்ராமின் 12 வேக சாலைத் தொகுதிகளில் 10 பற்கள் கொண்ட சிறிய பல்சக்கரத்துடன் வரும் கேசட்டுக்கு 'எக்ஸ்டிஆர்' வகை ஹப் வேண்டும். அதற்கென வடிவமைக்கப்பட்ட தட்டையான மேற்புறம் கொண்ட சங்கிலியையும், அதற்கேற்ற முன்பல்சக்கரங்களையும் சேர்த்தே வாங்க வேண்டும். இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் டிரெய்லியரின் விலையை மட்டும் பார்த்து இறங்குபவர்களின் செலவு எதிர்பார்த்ததைத் தாண்டிவிடும்.

பொருத்தும் முறை

டிரெய்லியர் தொங்கும் 'ஹேங்கர்' என்ற சிறு உலோகத் துண்டு நேராக உள்ளதா என்று பார்ப்பதே முதல் வேலை. சைக்கிள் ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலே அது வளைந்துவிடும். அது வளைந்திருந்தால் எத்தனை துல்லியமான மோட்டாரும் சங்கிலியைச் சரியான இடத்தில் நிறுத்தாது. நேராக்கும் அளவுகோல் கருவி சைக்கிள் பழுதுபார்க்கும் நல்ல கடைகளில் இருக்கும். திருகுகளை அந்தந்த மாதிரிக்கான கையேடு கூறும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு, டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்க வேண்டும். கார்பன் சட்டகத்தில் கைக்கணக்கு ஆபத்தானது.

அடுத்தது பாகங்களை ஒன்றோடொன்று இணைப்பது. ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் அமைப்பில் பின் டிரெய்லியரே தலைமைப் பாகம். அதன் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பச்சை விளக்கு மெதுவாக மின்னும். பிறகு முன் டிரெய்லியர், இரு கைப்பிடிகள் ஆகியவற்றின் பொத்தான்களை ஒவ்வொன்றாக, விளக்கு வேகமாக மின்னும் வரை அழுத்த வேண்டும். இறுதியில் பின் டிரெய்லியரின் பொத்தானை மீண்டும் ஒருமுறை அழுத்தினால் இணைப்பு முடிகிறது. இணைந்த பின் வலக்கைப் பொத்தான் கடினமான கியருக்கும், இடக்கைப் பொத்தான் எளிதான கியருக்கும் மாற்றும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முன்பல்சக்கரம் மாறும்.

பின் டிரெய்லியரின் மேல் உருளைக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் இடையிலான இடைவெளியை, அதனுடன் வரும் அளவுகோலை வைத்து அமைக்க வேண்டும். இடைவெளி கூடினால் கியர் தயங்கித் தயங்கி மாறும், குறைந்தால் உரசும். மின்னணு அமைப்பு மந்தமாக இருக்கிறது என்ற புகார்களில் இந்த இடைவெளியை முதலில் சோதிப்பது நல்லது. பின்னர் நுண்சரிசெய்தல். கைப்பிடியின் சிறு பொத்தானை அழுத்தியபடி கியர் பொத்தானைத் தட்டினால், டிரெய்லியர் மிகச் சிறிய அளவில் உள்ளே அல்லது வெளியே நகரும். சங்கிலி ஓசையின்றி ஓடும் வரை இவ்வாறு நகர்த்த வேண்டும்.

மோட்டாருக்குத் தன் நிலை தெரியும் என்பதால் எல்லைத் திருகுகள் தேவையில்லை என எண்ணக் கூடாது. அடிபட்ட டிரெய்லியர் சங்கிலியைச் சக்கரக் கம்பிகளுக்குள் தள்ளிவிடாமல் தடுப்பவை அவையே.

முன் டிரெய்லியருக்குப் பொறுமை கூடுதலாகத் தேவை. நுண்சரிசெய்தல் வசதி ஸ்ராமின் முன் டிரெய்லியருக்குப் பொருந்தாது. உயரம், கோணம், எல்லைத் திருகுகள் ஆகியவற்றைக் கொண்டே அதைச் சரிசெய்ய வேண்டும். அதன் மோட்டார் வலுவாகத் தள்ளுவதால், சட்டகத்துக்கும் அதற்கும் இடையே வைக்கப்படும் சிறு ஆப்பை மறந்துவிட்டால் பாகம் வளைந்து கொடுத்து, சங்கிலி பெரிய சக்கரத்தில் ஏறாமல் நிற்கும்.

பேட்டரி: பயணத்தின் உயிர்நாடி

ஸ்ராம் டிரெய்லியர் பேட்டரி ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 60 மணி நேரப் பயணத்துக்குத் தாங்கும். 600 கி.மீ. பயணத்தின் 40 மணி நேரத்துக்கு இது போதும். ஆனால் முழு சார்ஜுடன் கிளம்பினால்தான். கியர் மாற்றும்போது பச்சை விளக்கு எரிந்தால் 15 மணி நேரத்துக்கு மேல் மிச்சம் உள்ளது. சிவப்பு எரிந்தால் 5 முதல் 15 மணி நேரம். சிவப்பு மின்னினால் 5 மணி நேரத்துக்கும் குறைவு.

பின் டிரெய்லியரே அதிகம் உழைப்பதால் அதன் பேட்டரிதான் முதலில் தீரும். முன், பின் பேட்டரிகள் ஒரே வகை என்பதால் நடுவழியில் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் சங்கிலியைச் சிறிய முன்பல்சக்கரத்தில் நிறுத்திவிட்டால் மீதி ஏற்றங்களைச் சமாளிக்கலாம். ஷிமானோவில் ஒரே பேட்டரி என்பதால் இந்த வழி கிடையாது. அங்கு சார்ஜ் குறையும்போது முன் டிரெய்லியர் முதலில் நிற்கும். பின் டிரெய்லியர் மேலும் சிறிது தொலைவு இயங்கும். முன் டிரெய்லியர் நின்றதை எச்சரிக்கையாகக் கொண்டு சார்ஜ் செய்யும் இடத்தைத் தேட வேண்டும்.

கைப்பிடிகளில் இருப்பவை நாணய வடிவ பேட்டரிகள்: ஸ்ராமில் சிஆர்2032, ஷிமானோவில் சிஆர்1632. முன்னது கடிகாரக் கடைகளிலேயே கிடைக்கும். பின்னது எங்கும் கிடைக்கும் என்று நம்பிப் புறப்பட வேண்டாம். உதிரி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் பழைய பேட்டரிகளை வீட்டில் கண்ட இடத்தில் போடக் கூடாது.

சைக்கிளைக் காரிலோ ரயிலிலோ ஏற்றிச் செல்லும்போது ஸ்ராம் பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். அசைவை உணர்ந்து விழித்துக்கொள்ளும் அமைப்பு என்பதால், குலுங்கும் வண்டியில் அது உறங்காமல் சார்ஜை வீணாக்கும். விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லலாம்.

மழைக்காலத்தில்

பாகங்கள் மழையைத் தாங்கும் வகையில் அமைந்தவை. ஆனால் வாகனம் கழுவும் கடைகளின் உயரழுத்த நீரைப் பேட்டரி பொருந்தும் இடத்தில் பாய்ச்சக் கூடாது. நனைந்த பயணத்துக்குப் பின் பேட்டரியைக் கழற்றி, மின்தொடு முனைகளை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். சங்கிலியும் கேசட்டும் எப்போதும்போல் தேயும். கழுவி எண்ணெயிடும் வேலைக்கு எந்த மின்னணுவும் மாற்றாகாது.

மென்பொருளும் கவனிக்க வேண்டியதே

வானொலி அலையில் இயங்கும் எதற்கும் உள்ள சிக்கல் இதற்கும் உண்டு. சான்டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள், ஷிமானோ கம்பியில்லா கியரின் கட்டளை அலைகளைப் பதிவுசெய்து மீண்டும் ஒலிபரப்புவதன் மூலம், சுமார் 10 மீட்டர் தொலைவிலிருந்தே பிறருடைய கியரை மாற்ற முடியும் என்று 2024 ஆகஸ்டில் வெளிப்படுத்தினர். இதைச் சரிசெய்யும் மென்பொருளை ஷிமானோ உருவாக்கி, முதலில் தொழில்முறை அணிகளுக்கும் பின்னர் பொதுப் பயனர்களுக்கும் வழங்கியது.

அன்றாட ஓட்டிகளை யாரும் இவ்வாறு தாக்க வாய்ப்பு குறைவே. எனினும் பழைய மென்பொருளுடன் ஓடும் சைக்கிளை 'ஈ-டியூப்' செயலி வழியாகப் புதுப்பிப்பது நல்லது. பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது, நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவில் அல்லாமல் ஒரு வாரம் முன்பே இதைச் செய்தால், ஏதேனும் இணைப்பு அறுந்தாலும் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.