இலவசத்துக்கும் ஓர் எல்லை வேண்டும்

புக்கிட் தெங்கா வட்டாரத்தில் உங்கள் மகனோ மகளோ கணினியில் கல்யாணப் பத்திரிகை, கடைப் பெயர்ப்பலகை வடிவமைக்கக் கற்றிருக்கிறாரா? சொந்தத் தொழில் தொடங்குமுன் இதைப் படித்துக் காட்டுங்கள்.

புதியவரை நம்பி யார் வேலை கொடுப்பார்? ஆகவே, முதலில் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ செய்து கொடுப்பது நல்ல வழிதான். ஆனால், எதற்கும் அளவுண்டு.

1971-இல் அமெரிக்க மாணவி கேரலின் டேவிட்சன் நைக்கி காலணி நிறுவனத்தின் சின்னத்தை வரைந்தார். மணிக்கு 2 டாலர் கணக்கில் கூலி வெறும் 35 டாலர்! இன்று அதை அறியாதவர் இல்லை. 1983-இல் நிறுவனம் அவருக்கு மோதிரமும் பங்குகளும் பரிசளித்தது. எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா? நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், ஒருவர் சொல்லிச் செய்வித்த படைப்பின் உரிமை அவருக்கே போகும்.

ஆகவே, யோசித்துக் கொடுங்கள். கோயில் திருவிழா அறிவிப்பு ஒன்றை இலவசமாகச் செய்யுங்கள்; ஓரத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும், ஊரே பார்க்கும். கடைக்காரருக்கு முதல் வேலை இலவசமென்றால், பில்லில் உண்மையான விலையை எழுதி, அதைக் கழித்துக் காட்டுங்கள். அடுத்த முறை விலை சொல்லக் கூச்சம் இராது. திருத்தம் இரண்டு முறைதான், அச்சுக்கூலி தனி என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

தோட்டத்தில் ஒவ்வொரு நாள் சம்பளத்துக்கும் கணக்குப் பார்த்தவர்கள் நாம். நம் பிள்ளையின் உழைப்புக்கும் கணக்கு வேண்டாமா?