வாதாபி, ஐயப்பொழில், பட்டதகல்: ஒரு நாள் வழிகாட்டிச் சுற்றுலாவும் கல்வெட்டுச் சான்றுகளும்

முன்னுரை

கருநாடக மாநிலத்தின் பாகல்கோட்டை மாவட்டத்தில், மலப்பிரபை ஆற்றுப் படுகையை ஒட்டி அமைந்துள்ள பாதாமி, ஐஹொளெ, பட்டதகல் ஆகிய மூன்று ஊர்களும் மேலைச் சாளுக்கியர் வரலாற்றின் உறைவிடங்களாகத் திகழ்கின்றன. செந்நிற மணற்கற் குன்றுகளில் குடையப்பட்ட குகைகள், ஆற்றங்கரையில் எழுப்பப்பட்ட கற்றளிகள், வயல்களுக்கிடையே வளைந்து செல்லும் ஆறு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் கண்டு திரும்ப இயலும். எனவே வழிகாட்டியுடன் கூடிய ஒரு நாள் சுற்றுலாவாகவே இப்பகுதி பெரும்பாலும் காணப்படுகின்றது. பெங்களூரிலிருந்து இரவு இரயிலில் புறப்படுவோர் மறுநாட் காலையில் பாதாமியை அடையலாம். நம் நாட்டிலிருந்து தமிழகத் திருத்தலங்களுக்குக் கல்விச் சுற்றுலா மேற்கொள்ளும் ஆசிரியர்களும் மாணவர்களும் இரண்டு நாள் ஒதுக்கினால் இதனையும் இணைத்துக்கொள்ள முடியும்.

தமிழ் படித்தோர்க்குப் பாதாமி புதிய ஊரன்று, அது வாதாபி. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' வழியாகவும், சிறுத்தொண்டர் வரலாற்றின் வழியாகவும், முத்துசுவாமி தீட்சிதரின் வாதாபி கணபதிக் கீர்த்தனையின் வழியாகவும் அவ்வூர் நம் நெஞ்சில் முன்பே குடியேறியுள்ளது. அதனாலேயே ஒரு சிக்கலும் எழுகின்றது. நாம் மனத்தில் சுமந்து செல்லும் வாதாபி, தோற்ற நகரம், எரிந்த நகரம். அங்குள்ள கற்கள் பேசும் வாதாபியோ இருநூறு ஆண்டு காலக் கலைத் தலைநகரம். வழிகாட்டிகள் கூறும் கதைகள் ஒருபுறமும், நாம் கொண்டுசெல்லும் கதைகள் மறுபுறமும் இருக்க, கல்வெட்டுகள் கூறுவன யாவை என்பதனை மாணவர்க்கு எவ்வாறு காட்டுவது என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயண வரிசை

வழக்கமான சுற்றுலாவில் காலையில் பாதாமிக் குகைகளும், அடுத்துப் பட்டதகல்லும், இறுதியில் ஐஹொளெயும் காட்டப்படுகின்றன. பாதாமியிலிருந்து பட்டதகல் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அங்கிருந்து ஐஹொளெ மேலும் 13 கிலோமீட்டர் அளவில் உள்ளது. இவ்வரிசை வண்டி செல்லும் வழிக்குப் பொருந்துகின்றது, வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. பாதாமியிலிருந்து நேரே ஐஹொளெக்குச் சென்றுவிட்டுத் திரும்பும் வழியில் பட்டதகல்லைக் கண்டால் தொலைவு கூடுவதில்லை; ஆயின் கி.பி. 6, 7, 8 ஆம் நூற்றாண்டுகள் முறையே கண்முன் வரும். வண்டி பேசும்போதே இதனைச் சொல்லி வைத்தல் நலம். இக்கட்டுரையும் அவ்வரிசையையே பின்பற்றுகின்றது.

வாதாபிக் குகைகள்

முதலாம் புலிகேசி வாதாபி மலையைக் கோட்டையாக்கிய செய்தியைச் சக ஆண்டு 465, அதாவது கி.பி. 543 ஆம் ஆண்டுப் பாறைக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. அகத்திய தீர்த்தம் எனப்படும் ஏரியின் இருபுறமும் குன்றுகள் நிற்கின்றன. தென்குன்றில் நான்கு குகைக் கோயில்கள் உள்ளன. படிகளில் ஏறுவோர் குரங்குகளிடமிருந்து கைப்பைகளைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதனை வழிகாட்டி சொல்லும் முன்பே நாம் சொல்லிவிடலாம்.

வழிகாட்டிகள் பெரும்பாலும் தொடங்குவது வாதாபி, இல்வலன் என்னும் அசுரரின் கதையில்தான். விருந்தினரின் வயிற்றுக்குள் உணவாகப் புகுந்து பின் கிழித்து வெளிவரும் வாதாபியை அகத்தியர் செரிக்கச் செய்தார் என்பது அக்கதை. தமிழ் இலக்கண மரபின் முதலாசிரியராக நாம் போற்றும் அகத்தியரின் பெயரால் ஏரி வழங்குவது மாணவர் கருத்தைக் கவரும். ஆனால் இது ஊர்ப்பெயரை விளக்கும் தொன்மமேயன்றி வரலாறன்று என்பதனை அவ்விடத்திலேயே சுட்டுதல் வேண்டும்.

முதற் குகையின் முகப்பில் பதினெட்டுக் கரங்களுடன் ஆடும் சிவபெருமானைக் காணலாம். வலக்கை ஒன்பதையும் இடக்கை ஒன்பதையும் மாற்றி மாற்றி இணைத்தால் எண்பத்தொரு நாட்டிய நிலைகள் கிடைக்கும் என வழிகாட்டிகள் கூறுவர். கணக்கு சரியே. சிற்பி அதனைக் கருதினான் என்பதற்குத்தான் சான்றில்லை. தில்லைக் கூத்தனின் நான்கு கரத் திருமேனியே நடராசர் எனப் பழகிய நம் மாணவர்க்கு, சோழர் செப்புத் திருமேனிகளுக்கு முந்தைய ஆடல்வல்லான் வடிவங்கள் எத்துணை வேறுபட்டவை என்பதனை இச்சிற்பம் ஒன்றே உணர்த்திவிடும்.

இரண்டாம், மூன்றாம் குகைகள் திருமாலுக்குரியவை, நான்காவது சமணருக்குரியது. இவற்றுள் மூன்றாவதே தலையாயது. இக்குகையில்தான் காலக் கணிப்புக்கு உறுதியான சான்று உள்ளது. கீர்த்திவர்மனின் 12 ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 500 இல், அவன் தம்பி மங்களேசன் இதனைத் திருமாலுக்கு எடுப்பித்தான் எனக் கல்வெட்டு கூறுகின்றது. அது கி.பி. 578 ஆகும். மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றிக் கோயில் அமைத்ததாகப் பெருமிதத்துடன் பொறித்ததற்கு முற்பட்டது இது. குகைக் குடைவரை என்றாலே பல்லவர் எனச் சொல்லிப் பழகிய நாம் இவ்வாண்டினை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இரு நாட்டுக் குடைவரைகளும் வேறுபடுவதற்குக் கல்லும் ஒரு காரணமாகும். தொண்டை நாட்டுப் பாறை கருங்கல். உளிக்கு எளிதில் இணங்குவதன்று. ஆகவே மகேந்திரன் காலத் தூண்கள் பருத்தும் எளிமையாகவும் அமைந்தன. பாதாமியின் மணற்கல்லோ படிவுப் படிவாக அமைந்து ஆழமாகச் செதுக்க இடந்தருவது. அனந்தன் மேல் அமர்ந்த திருமால், வராகம், நின்ற கோல நரசிங்கம், உலகளந்த பெருமான் எனச் சுவரை விட்டு வெளிவருவன போன்ற பேருருவங்கள் மூன்றாம் குகையில் அமைய இம்மென்மை துணைசெய்தது. அதே மென்மையே காற்றாலும் மழையாலும் சிற்பங்கள் தேய்வதற்கும் காரணமாயிற்று. கூரையில் பழைய ஓவியத்தின் சிறு சுவடுகளே எஞ்சியுள்ளன.

நரசிங்கவர்மனின் கல்வெட்டு

கி.பி. 642 அளவில் முதலாம் நரசிங்கவர்ம பல்லவன் வாதாபியைக் கைப்பற்றினான் என்பதற்கு அவ்வூரிலேயே சான்றுள்ளது. பாறையொன்றில் பொறிக்கப்பட்ட, சிதைந்த வடமொழிக் கல்வெட்டு அவன் பெயரையும் 13 ஆம் ஆட்சியாண்டையும் தருகின்றது. தமிழ்ப் பயணிகள் காண விரும்புவது இதனையே; ஒரு நாள் சுற்றுலாவில் பெரும்பாலும் காட்டப்படாததும் இதுவே. குகைகளும் பூதநாதர் கோயிலும் அருங்காட்சியகமும் முடிந்தவுடன் வண்டி புறப்பட்டுவிடும். முன்னரே கேட்டு வைத்தல் நன்று.

இப்போரைப் பற்றிய தமிழ் மரபில் மூன்று வகைச் செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, புறங்காட்டிய புலிகேசியின் முதுகில் வெற்றி என்னும் சொல்லை நரசிங்கவர்மன் எழுதினான் என உருவகமாகக் கூறுகின்றது. பெரியபுராணம், சிறுத்தொண்டர் வாதாபியை வென்று மணியும் நிதியும் யானையும் குதிரையும் கவர்ந்து வந்ததனைப் பாடுகின்றது. அப்பட்டியலில் பிள்ளையார் திருமேனி குறிக்கப்படவில்லை. திருச்செங்காட்டங்குடியிலும் திருவாரூரிலும் வழங்கும் வாதாபி கணபதி மரபு நெஞ்சுக்கு நெருக்கமானதுதான். ஆயினும் அம்மரபை ஏழாம் நூற்றாண்டுச் செய்தியாக வகுப்பில் கற்பிப்பதற்கு இவ்விரு சான்றுகளும் துணை நிற்கவில்லை. மூன்றாவதாகிய கல்கியின் புதினம் புனைவு என்பதனை நாம் அறிவோம். எனினும் நாகநந்தி எங்கே தங்கினான் என வழிகாட்டியிடம் வினவும் தமிழர் இன்றும் உளர் எனில், அது கல்கியின் எழுத்தாற்றலுக்குச் சான்றேயாகும்.

ஐயப்பொழில்

ஐஹொளெ என்னும் பெயருக்கு வழிகாட்டிகள் தரும் விளக்கம் சுவையானது. பரசுராமர் குருதி தோய்ந்த கோடரியை மலப்பிரபையில் கழுவ, நீர் சிவந்தது கண்ட பெண்ணொருத்தி 'ஐயோ, ஹொளெ' எனக் கூவினாளாம். கன்னடத்தில் ஹொளெ என்பது ஆறு. கல்வெட்டுகளிலோ இவ்வூர் அய்யாவொளெ எனவும் ஆரியபுரம் எனவும் வழங்குகின்றது; தமிழ்க் கல்வெட்டுகளில் ஐயப்பொழில் என்றாகின்றது. இப்பெயரே நம்மை இவ்வூருடன் நேரே பிணைப்பதாகும். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனப்பட்ட பெருவணிகக் குழுவினர் தம் மூலப்பதியாக இவ்வூரையே கூறிக்கொண்டனர். ஐயப்பொழில் பரமேசுவரியைத் தம் தெய்வமாகப் போற்றினர். சுமத்திராவின் பாருசு அருகே லொபு துவாவில் கிடைத்த, சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இவ்வைந்நூற்றுவர் வெளியிட்டதேயாகும். மலாக்கா நீரிணையின் அக்கரையில் தமிழில் ஆணை பொறித்த வணிகர், மலப்பிரபைக் கரையின் ஒரு சிற்றூரைத் தம் பிறப்பிடமாக நினைவில் வைத்திருந்தனர். தென்கிழக்காசியாவில் வாழும் நமக்கு இப்பயணத்தின் மிக அணுக்கமான செய்தி இதுவே எனலாம். வழிகாட்டிகள் இதனைக் கூறக் கேட்பது அரிது. ஆசிரியரே கூற வேண்டும்.

ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ளன. அனைத்தையும் காண முயல்வது வீண். துர்க்கைக்கோயில் எனப்படுவது துர்க்கைக்கு எடுக்கப்பட்டதன்று. துர்க்கம், அதாவது கோட்டை, அருகில் இருந்தமையால் வந்த பெயர். பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த அதன் அமைப்பினைத் தேவாரம் பயின்றோர் தூங்கானை மாடம் என உடனே இனங்காண்பர். இலாடகான் கோயில் என்னும் பெயரும் பிற்காலத்தில் அங்குக் குடியிருந்தவர் பெயரே. அது ஐந்தாம் நூற்றாண்டினது எனப் பழைய நூல்கள் கூறியதை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. சாளுக்கியர் காலத்ததாகவே கொள்கின்றனர். இராவணபடிக் குகையில் ஆடும் சிவனும் ஏழு அன்னையரும் மெல்லிய உடலும் உயர்ந்த முடியுமாய்ப் பாதாமிச் சிற்பங்களினின்று வேறுபட்டு நிற்கின்றனர்.

ஆயினும் ஐஹொளெயில் காண வேண்டிய முதலிடம் குன்றின் மேலுள்ள மேகுதிச் சமணக் கோயிலே. வெயிலில் ஏற வேண்டியிருப்பதால் பல வழிகாட்டிகள் இதனைக் கீழிருந்தே கைகாட்டி முடித்துவிடுவர். அதன் சுவரில் இரவிகீர்த்தி என்னும் சமணப் புலவர் இரண்டாம் புலிகேசியைப் புகழ்ந்து பாடிய கல்வெட்டு உள்ளது. சக ஆண்டு 556, கி.பி. 634; பாரதப் போர் நிகழ்ந்து 3735 ஆண்டுகள் சென்றன எனவும் அது கணக்கிடுகின்றது. தம்மைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் ஒப்பவைத்துப் புலவர் பெருமை கொள்வதனால் அவ்விருவர் காலத்திற்கும் ஒரு மேல் எல்லை கிடைத்தது. அர்சனின் தோல்வியைக் கூறும் இக்கல்வெட்டே, பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்ததையும் புலிகேசி காவிரியைக் கடந்ததையும் கூறுகின்றது. மறுபுறம் காசக்குடிச் செப்பேடு, மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கின்றது. எட்டாண்டுக்குப் பின் வாதாபி வீழ்ந்தது. மெய்க்கீர்த்திகளை எவ்வாறு படிப்பது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் மாணவர்க்கு வாய்க்காது.

பட்டதகல்

பட்டதகல் என்னும் சொல்லைத் தமிழர்க்கு மொழிபெயர்க்க வேண்டுவதில்லை. பட்டம் சூட்டும் கல் என்பது கேட்ட அளவிலேயே விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் கனகும்பியில் தோன்றிக் கூடலசங்கமத்தில் கிருட்டிணையோடு கலக்கும் மலப்பிரபை, இவ்விடத்தில் வடக்கு நோக்கித் திரும்புகின்றது. வடக்கே ஓடும் ஆறு புனிதமானது என்னும் நம்பிக்கையால் இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பர். ஆற்றங்கரையில் வடநாட்டு வளைகோட்டுச் சிகரமும் தென்னாட்டு அடுக்கு விமானமும் சில அடித் தொலைவில் அருகருகே நிற்கும் காட்சி கட்டடக்கலைப் பாடநூலை விரித்து வைத்தாற்போன்றது. 1987 இல் ஐக்கிய நாட்டுக் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இரண்டாம் விக்கிரமாதித்தன் (கி.பி. 733–744) காஞ்சியை மும்முறை வென்றான். அவ்வெற்றியின் நினைவாக அவன் அரசி உலோகமாதேவி எடுப்பித்த உலோகேசுவரமே இன்று விருபாட்சர் கோயில் எனப்படுகின்றது. இன்றும் அங்கு வழிபாடு நடைபெறுகின்றது. அருகிலுள்ள மல்லிகார்ச்சுனர் கோயில் மற்றோர் அரசியாகிய திரைலோக்கியமாதேவியால் எடுக்கப்பட்டது. முன்னே தனி நந்தி மண்டபம், சுற்றுமதிலை ஒட்டிய சிற்றாலயங்கள், வாயில், அடுக்கு விமானம் ஆகியவற்றை நோக்குவோர்க்குக் காஞ்சிக் கைலாசநாதர் கோயில் நினைவுக்கு வராமற் போகாது. காஞ்சியிலிருந்து சிற்பிகள் கொண்டுவரப்பட்டனர் என வழிகாட்டிகள் உறுதியாகக் கூறுவர். கல்வெட்டோ குண்ட அனிவாரிதாசாரி என்னும் கலைஞன் பெற்ற சிறப்புகளையும், தென்திசைச் சூத்திரதாரி ஒருவனையும் குறிப்பிடுகின்றதேயன்றிக் காஞ்சியை அவர்தம் ஊராகக் கூறவில்லை. தென்திசை என்பது பல்லவ நாடாக இருக்கலாம். அவ்வளவே சொல்ல இயலும்.

இச்செய்தியின் மறுபாதி காஞ்சியில் உள்ளது. கைலாசநாதர் கோயில் மண்டபத் தூணொன்றில் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு காணப்படுகின்றது. காஞ்சியைக் கைப்பற்றிய அவன் இராசசிங்கேசுவரத்தின் செல்வத்தைக் கண்டபின், அதனைக் கவராது இறைவனுக்கே திருப்பித் தந்தான் என அது கூறுகின்றது. வாதாபியில் பல்லவன் பொறித்ததும் காஞ்சியில் சாளுக்கியன் பொறித்ததும் ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் பிறந்தவை. முன்னதை நாம் கதையாகவும் நாடகமாகவும் பள்ளியில் கற்பித்து வருகின்றோம். பின்னதைக் காஞ்சிக்குச் செல்லும் நம் மாணவர்க்குச் சுட்டிக்காட்டுவார் அரியர். பட்டதகல்லில் விருபாட்சர் கோயில் முன் நின்று அத்தூணின் படத்தைக் காட்டி, வென்றவன் ஏன் அவ்வாறு செய்தான் என வினவினால் மாணவர் தாமே பேசத் தொடங்குவர்.

பயணத்திற்கு ஏற்ற காலம் மழைக்குப் பிந்தைய மாதங்களே. கோடையில் மணற்கல் அனலாகத் தகிக்கும். 2019 ஆகத்து வெள்ளத்தில் மலப்பிரபை கரைகடந்து பட்டதகல் கோயில் வளாகத்துள் புகுந்தது. ஆகவே பெருமழைக் காலத்தில் புறப்படுவோர் ஆற்றின் நிலையைக் கேட்டறிந்து செல்லல் வேண்டும்.