சொந்தப் பணத்தையே கடன் வாங்கும் அட்டை

"ஏனுங்க, ஐ.பி. போட்டவனுக்கு மறுக்காவும் பேங்க் கதவு தொறக்குமுங்களா?" அந்தியூர் வாசகர் ஒருவரின் கடிதம் இந்தக் கேள்வியோடு முடிகிறது. தறி ஓட்டியவர். நூல் விலையிலும் கொரோனா ஊரடங்கிலும் தொழில் படுத்துவிட்டது. ஐ.பி. என்னும் திவால் மனுப் போட்டு, கடன்காரர்களுக்கு மஞ்சள் கடுதாசி போன பிறகு, இப்போது சிறியதாக ஒரு மளிகைக்கடை நடத்துகிறார். பைக் வாங்கக் கடன் கேட்டுப் போன இடத்தில், பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சிபில் சரியில்லீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வங்கியில் எஃப்.டி. போட்டால் அதன்மேல் கிரெடிட் கார்டு தருவார்கள், அதை வைத்துப் பெயரை மீட்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது நிஜமா என்பது அவர் சந்தேகம்.

நிஜம்தான். ஆனால் அந்த அட்டைக்கு முன்னால் நூறு வயது தாண்டிய சட்டம் ஒன்று வழிமறித்து நிற்கிறது.

2016-இல் புதிய திவால் சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். கம்பெனிகளுக்கு மாறியது. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்ட தனிநபர்களுக்கு 2019 டிசம்பர் 1 முதல் மாறியது. சாதாரண தனிநபருக்கான பகுதி நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், அந்தியூர் போன்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம் என்பதே இன்றைய நிலை. கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. 1920-இல் அது பெரிய பணம்.

அதே சட்டத்தின் 72-ஆம் பிரிவை ஐ.பி. போட்டவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்து, இன்னும் விடுவிப்பு உத்தரவு பெறாதவர், தன் நிலையைச் சொல்லாமல் யாரிடமாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால், ஆறு மாதம் வரை சிறை. ஐம்பதே ரூபாய்! இரண்டு பேர் டீ குடித்து பஜ்ஜி சாப்பிட்டுக் கணக்கில் எழுதச் சொன்னால் எல்லை தாண்டிவிடும். கிரெடிட் கார்டு எந்த மூலைக்கு? போதாக்குறைக்கு 28-ஆம் பிரிவும் இருக்கிறது. விடுவிப்பு வரும்வரை புதிதாகச் சேரும் சொத்தும் நீதிமன்றத்தின் கைக்கோ அதிகாரப் பெறுநரின் கைக்கோ போய்விடும். சிறுகச் சிறுகச் சேர்த்துப் போடும் எஃப்.டி.யும் அதில் அடக்கம்.

ஆகவே முதல் வேலை அட்டை அல்ல, விடுவிப்பு உத்தரவு. திவால் உத்தரவு போடும்போதே, இத்தனை காலத்துக்குள் விடுவிப்பு கேட்டு மனுச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைக்கிறது. கெடுவைத் தவறவிட்டால் திவால் உத்தரவே ரத்தாகலாம். அதனால் கிடைத்த பாதுகாப்பும் போய்விடும். மனுப் போட்ட அன்றைக்கு வக்கீல் வீட்டு வாசலில் காத்துக்கிடந்தவர்கள், கடன்காரர்கள் வருவது நின்றதும் வழக்குக் கட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பாதி வழியில் இறங்கிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தால் கெட்டவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

கடனுக்கு ஜாமீன் போட்ட மச்சான் யாராவது இருந்தால், அவர் கதை தனி. கடனாளிக்குக் கிடைக்கும் விடுவிப்பு ஜாமீன்தாரரை விடுவிக்காது என்று 44-ஆம் பிரிவு சொல்கிறது. கொங்கு நாட்டில் கடன் பத்திரத்தின் இரண்டாவது கையெழுத்து பெரும்பாலும் சொந்தக்காரருடையது. ஒருவர் ஐ.பி. போட்டதும் சிபில் கெடுவது இரண்டு வீட்டில்.

சிபில் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 300-க்கும் 900-க்கும் நடுவே ஓர் எண். 2000-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே அந்த எண்ணுக்கும் நிலைத்துவிட்டது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இதே வேலையைச் செய்கின்றன. கடிதம் எழுதிய வாசகரைப் போலப் பலரும் அந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது எண்ணுக்குக் கீழே, சின்ன எழுத்தில் கிடக்கும் கட்டங்களை.

ஒவ்வொரு கடன் கணக்குக்கும் கீழே மாதத்துக்கு ஒன்றாக 36 கட்டங்கள் வரை இருக்கும். தவணை கெடுவுக்குள் கட்டியிருந்தால் அந்த மாதக் கட்டத்தில் '000'. முப்பது நாள் தாமதம் என்றால் '030'. வங்கி தகவல் அனுப்பாத மாதத்தில் 'எக்ஸ் எக்ஸ் எக்ஸ்'. சில வங்கிகள் நாள் கணக்குக்குப் பதிலாக வகையை எழுதும்: ஒழுங்காக வருவது 'எஸ்.டி.டி.', தேறாது என்று கைவிட்டது 'எல்.எஸ்.எஸ்.'. ஓர் ஆளின் கடன் சரித்திரம் முழுக்க இந்த மூன்றெழுத்துகளில் அடங்கிவிடுகிறது. எத்தனை ஏக்கர் தோட்டம், எந்த வங்கியில் எவ்வளவு சேமிப்பு, யாருடைய மகன் என்பதற்கெல்லாம் அந்த எண்ணின் கணக்கில் இடமே இல்லை.

அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரை வாங்க வருகிறவர்கள், உருப்படியைச் சுற்றிச் சுற்றி வந்து சுழி பார்ப்பார்கள். எந்த இடத்தில் சுழி இருந்தால் ராசி, எங்கே இருந்தால் ஆகாது என்று ஒரு பெரிய சாஸ்திரமே உண்டு. கடன் கொடுப்பவர் இந்தக் கட்டங்களைப் பார்ப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம். சுழி பிறவியோடு வந்தது, சாகும்வரை மாறாது. கட்டங்களோ நகர்கின்றன. புது மாதம் ஒன்று முன்னால் சேர்ந்தால் பழைய மாதம் ஒன்று பின்னால் விழுகிறது.

இதில் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. 400 ரூபாய் பில்லை நாளுக்குள் கட்டினாலும் அதே '000' தான், 4 லட்சத்தைக் கட்டினாலும் அதே '000' தான். தொகையின் பெருமை அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. விழுந்து எழுந்தவருக்கு இதைவிடச் சாதகமான விதி வேறு இல்லை. எஃப்.டி. அட்டையின் சூட்சுமமும் இதுதான். புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, மாதாமாதம் மூன்று சைபர் போட்டுத் தரும் எந்திரம் அது.

எந்திரம் ஓடுவது இப்படி. வங்கியில் ஒரு தொகையை வைப்பாகப் போட வேண்டும். வங்கி அதன்மேல் உரிமை வைத்துக்கொண்டு, தொகையில் 80, 90 சதவீதம் வரை, சில இடங்களில் முழுவதுமே, செலவு வரம்பாகத் தரும். சம்பளச் சீட்டு கேட்பதில்லை; பழைய சிபிலும் பெரும்பாலும் குறுக்கே வராது. பணம் வங்கியிடமே இருக்கும்போது அதற்கென்ன பயம்? எஸ்.பி.ஐ. கார்டு நிறுவனத்தின் 'உன்னதி' 25,000 ரூபாய் வைப்பின்மேல் வந்த அட்டை. ஆக்சிஸ், ஐ.சி.ஐ.சி.ஐ., கோட்டக் போன்ற தனியார் வங்கிகளிலும் இந்த வகை உண்டு. அமெரிக்காவில் திவாலானவர்கள் இதேபோன்ற அட்டையை வைத்துத்தான் எழுகிறார்கள். அங்கே கடனைத் துடைத்துவிடும் 'சாப்டர் 7' திவால் 10 ஆண்டு வரை கடன் அறிக்கையில் நிற்கும். வைப்புத் தொகைக்கு வட்டியும் பல அட்டைகளில் கிடையாது. இங்கே எஃப்.டி. வட்டி தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

இந்திய அறிக்கையில் 'ஐ.பி. போட்டவர்' என்று தனி வரி பொதுவாக இருக்காது. வங்கி எழுதி வைத்த 'ரிட்டன் ஆஃப்', 'செட்டில்டு', 'சூட் ஃபைல்டு' போன்ற சொற்கள்தான் இருக்கும். கடன் தகவல்களைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எனவே புது அட்டை பழைய கறையை அழிக்காது. கறைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கட்டங்களை அடுக்கும், அவ்வளவே.

அட்டையைக் கையாளும் விதத்தில் இரண்டு விஷயங்கள் போதும். 20,000 ரூபாய் வைப்புக்கு 16,000 வரம்பு கிடைத்தால், மாதச் செலவு 4,800-க்குள் நிற்க வேண்டும். வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பரவலான கணக்கு. கேஸ் சிலிண்டர், கரன்ட் பில், செல்போன் ரீசார்ஜ் என்று எப்படியும் ஆகிற செலவை மட்டும் அதில் போட்டால் தானாகவே இந்த அளவுக்குள் வரும். பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் பாக்கி என்று தகவல் அனுப்பலாம் என 2022-இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதை நம்பி மூன்றாம் நாள்வரை உட்கார்ந்திருப்பவருக்கு நெட்வொர்க் அன்றைக்குத்தான் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பலரும் வழுக்கி விழும் இடம், பில்லில் இருக்கும் 'மினிமம் டியூ'. 10,000 ரூபாய் செலவு செய்தவரிடம் 500 கட்டினால் போதும் என்று அந்த வரி கொஞ்சுகிறது. மிச்சம் 9,500-க்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; மாதம் 390 ரூபாய் சுமாராகப் போகும். 20,000 ரூபாய் எஃப்.டி. ஆறரை சதவீதத்தில் வருடம் முழுக்க ஈட்டுவது 1,300. நான்கு மாதம் மினிமம் கட்டினால் அதுவும் காலி, கையிலிருந்தும் போகும். இவரது பணத்தை வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஆறரை தரும் வங்கி, இவரது பணத்தின் பலத்தில் கொடுத்த கடனுக்கு வருடத்துக்கு நாற்பதுக்கு மேல் வாங்குகிறது. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. கந்துவட்டியை ஒழிக்க 2003-இல் சட்டம் போட்ட மாநிலத்தில், அட்டை வட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

எரிச்சலூட்டும் இன்னொரு விஷயம், பேருந்து நிலையச் சுவர்களிலும் வாட்ஸ்அப்பிலும் திரியும் 'சிபில் சரிசெய்து தரப்படும்' விளம்பரம். பணம் வாங்கிக்கொண்டு அவர்கள் செய்வது, யாரும் இலவசமாகவே செய்யக்கூடிய புகார் மனு. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் நடைமுறை. தவறான தகவலைப் பற்றிப் புகார் கொடுத்து 30 நாளில் தீர்க்காவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதியும் 2024 ஏப்ரலில் வந்துவிட்டது. உண்மையான பாக்கியை மட்டும் எந்த ஏஜெண்டாலும் அழிக்க முடியாது.

'செட்டில்மென்ட்' விஷயத்தில் வங்கிகள் இன்னும் கொஞ்சம் நேர்மையாகப் பேசலாம். இரண்டு லட்சம் பாக்கிக்கு எண்பதாயிரம் கட்டினால் போதும் என்று போனில் சொல்கிறவர், அறிக்கையில் அது 'செட்டில்டு' என்று விழும் என்பதைச் சொல்வதில்லை. லோக் அதாலத்தில் குறைத்து முடித்தாலும் பெரும்பாலும் அதே முத்திரைதான். முடிந்தவர்கள் மிச்சத்தையும் கட்டி, 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லிக் கேட்டு, பாக்கியில்லைச் சான்றிதழைக் கையோடு வாங்கிக்கொள்வது நல்லது.

இந்தக் கட்டங்கள் கடனோடு நிற்பதில்லை. பாரத ஸ்டேட் வங்கியில் வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, கடன் சரித்திரம் சரியில்லை என்று வங்கி ரத்து செய்ததை, 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே சமயத்தில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்கச் சொன்ன சுற்றறிக்கைக்கு எதிராகத் தமிழக விவசாயச் சங்கங்கள் குரல் கொடுத்தன. மழையை நம்பி விதைக்கிறவரையும் மாதச் சம்பளக்காரரையும் ஒரே கட்டத்தில் அடைப்பது நியாயமா என்ற அவர்கள் கேள்வி நியாயமானதுதான்.

விடுவிப்பு உத்தரவு கையில் இருக்குமானால், அந்தியூர் வாசகர் அடுத்த மாதமே ஓர் எஃப்.டி. அட்டையோடு தொடங்கலாம். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் 15 நாளுக்கு ஒரு முறையாவது தகவல் அனுப்புவதால், கட்டிய விவரம் முன்பைவிடச் சீக்கிரம் அறிக்கையில் ஏறும். புதுக் கணக்கின் பலன் எண்ணில் தெரியச் சில மாதமாவது பிடிக்கும். அதற்குள் பைக் கடனுக்கு நாலு இடத்தில் விண்ணப்பம் போட்டால், ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் ஏறி எண்ணைக் கொஞ்சம் கீழே இழுக்கும். சாதாரண அட்டையோ கடனோ கிடைத்து எஃப்.டி.யை மீட்க விரும்பும் நாளில், அட்டையை மூடச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். பாக்கி இல்லாத பட்சத்தில் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். வைப்பின் மேலுள்ள உரிமை நீங்கிவிட்டதா என்பதையும் அதே கையோடு கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அட்டை மூடிய பிறகும் அது தொங்கிக்கொண்டிருந்தால் எஃப்.டி.யை உடைக்க முடியாது.