விமானத்துக்குள் பார்க்கலாமா என்று போலீஸ் கேட்டால்...

2010 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா விமான நிலையத்தில் ஒரு செஸ்னா 172 தரையிறங்கியது. அதில் வந்தவர்கள் ஜான் கிங், மார்த்தா கிங் தம்பதி. வீடியோ பாடங்கள் மூலம் அமெரிக்காவில் ஏராளமானோருக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர்கள். காத்திருந்த போலீசார் துப்பாக்கியை நீட்டி இருவரையும் இறக்கினார்கள். விலங்கு மாட்டித் தனித்தனி காரில் உட்காரவைத்தார்கள். விமானத்தின் பதிவெண்தான் வினையாகிவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் திருடுபோன வேறொரு செஸ்னாவின் எண் அது. விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. அதே எண்ணைப் புது விமானத்துக்கு ஒதுக்கியிருந்தது. திருட்டுப் பட்டியலிலோ அது அப்படியே கிடந்தது.

இப்படிப் பிசகு ஏதும் இல்லாமலும் நிறுத்தியிருக்கிறார்கள். உள்நாட்டுக்குள்ளேயே பறந்தவர்களைச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையினர் மறித்துச் சோதித்ததாக 2013 வாக்கில் புகார்கள் குவிந்தன. மேற்கிலிருந்து கிழக்கே போனது, சின்ன நிலையத்தில் பெட்ரோல் போட இறங்கியது, பறப்புத் திட்டம் பதியாதது போன்றவையே சந்தேகத்துக்குக் காரணமாயின. இவற்றில் ஒன்றுகூடக் குற்றமில்லை. விமானிகள் சங்கமான ஏ.ஓ.பி.ஏ. விடாமல் குரல் கொடுத்த பிறகு, 2014-இல் அந்தத் துறை நடைமுறையை மாற்றிக்கொள்வதாகச் சொன்னது.

அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டும் நம்மவர்களும், பயிற்சிக்குப் போயிருக்கும் மாணவர்களும் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆவணம் காட்டுவது கடமை. விமானத்தைத் திறந்துவிடுவது கடமையல்ல.

விமானி உரிமம், மருத்துவச் சான்று, போட்டோ அடையாள அட்டை ஆகியவற்றை எஃப்.ஏ.ஏ. அதிகாரி மட்டுமல்ல, உள்ளூர் போலீஸ்காரர் கேட்டாலும் காட்ட வேண்டும். விமானத்தின் பதிவுச் சான்றும் பறக்கும் தகுதிச் சான்றும் விமானத்திலேயே இருக்க வேண்டும். காட்டுவது என்றால் ஒப்படைப்பது என்று பொருளில்லை. பார்த்து முடித்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குடியுரிமை இல்லாத, 18 வயது நிரம்பியவர்கள் குடிவரவு ஆவணத்தையும் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். இது தனிச் சட்டம்.

சிக்கல் அடுத்த கேள்வியில்தான். "பின்னாடி என்ன இருக்கு, சும்மா ஒரு பார்வை பார்த்துக்கலாமா?" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். தலையாட்டினாலே சம்மதம்தான், அப்புறம் காரணமற்ற தேடுதலுக்கு எதிராக அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் தரும் பாதுகாப்பு அநேகமாகப் போய்விடும். "தேடுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. நான் போகலாமா?" என்று குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள், போதும். மீறித் தேடினால் குறுக்கே நிற்காதீர்கள். அந்தச் சண்டையை நீதிமன்றத்தில் போட்டுக்கொள்ளலாம்.

மோப்ப நாய் வெளியே சுற்றி வருவதைத் தேடுதலாகவே நீதிமன்றங்கள் கருதுவதில்லை. நாய் காட்டிக்கொடுத்தால் வாரண்ட் இல்லாமலே உள்ளே ஏறக் காரணம் கிடைத்துவிடும். ஆனால் நிறுத்தியதற்கான வேலை முடிந்த பிறகும் நாய் சோதனைக்காக ஒருவரைப் பிடித்துவைப்பது தவறு என்று 2015-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினால் இந்தக் கதையே வேறு: எல்லையில் சோதிக்க வாரண்டும் வேண்டாம், சம்மதமும் வேண்டாம்.

பேச்சிலும் கவனம் தேவை. எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். பொய் மட்டும் சொல்லவே கூடாது. மத்திய அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை. பதற்றத்தில் உளறுவதைவிட "வழக்கறிஞர் இல்லாமல் பேச விரும்பவில்லை" என்பது எவ்வளவோ மேல்.

முடிந்ததும் அதிகாரியின் பெயர், பேட்ஜ் எண், நேரம் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கும் வழக்குக்கும் அதுதான் ஆதாரம். தெரியாமல் தடைசெய்த வான்பகுதிக்குள் நுழைந்ததால் மறித்திருந்தால், 10 நாளுக்குள் நாசாவின் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்தில் பதிவுசெய்யுங்கள். வேண்டுமென்றே செய்யாத மீறல் என்றால், எஃப்.ஏ.ஏ. உரிமத்தை நிறுத்திவைக்காமல் விடப் பெரும்பாலும் அது உதவும். குற்றச் செயலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் பதிவுச் சான்றில் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். வீடு மாறியிருந்தால் 30 நாளுக்குள் எஃப்.ஏ.ஏ.வுக்குத் தெரிவித்துவிடுங்கள்.