கியர்பாக்ஸுக்குள் திமிங்கலம்

உராய்வு – தொடர் கட்டுரை – 14

வீல் பேரிங்கும் கிரீஸும் போன இதழோடு முடிந்தன. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் அடித்தட்டை இறக்கி வடிகட்டியைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். காட்டுவேன். ஆனால் நடுவில் ஒரு திமிங்கலம் வந்து படுத்துக்கொண்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

ஆரணியில் ஒரு பட்டு வியாபாரி வீட்டுக் கொட்டகையில் பழைய மெர்சிடிஸ் எஸ்.எல். ஒன்று நிற்கிறது. இரண்டே இருக்கை, கூரையைக் கழற்றிவிடலாம். 1971 முதல் 1989 வரை ஜெர்மனியில் செய்த ஆர்107 வகை. வெளிநாட்டுக் கார் இறக்குமதி ஏறக்குறைய பூட்டிக் கிடந்த காலத்தில், தூதரகத்தார் ஓட்டி முடித்த வண்டிகளை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்கும். வசதியுள்ளவர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். அந்தக் காலத்து வெளிநாட்டு வண்டிகள் பல அப்படித்தான் நம் ஊர்ச் சாலைக்கு வந்தன. இதன் பூர்வீகம் நமக்கு வேண்டாம், கியர்பாக்ஸ்தான் வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டியதும் உள்ளூர் மெக்கானிக் சிரித்தார். “என்னாண்ணே, இது லாரிக்கு ஊத்துற ஸ்டீயரிங் ஆயிலாச்சே! இதைப் போயி கியர்பாக்ஸுல ஊத்தி வச்சிருக்காங்க?”

அவர் சொன்னதில் பாதி நியாயம். பல லாரிகளின் பவர் ஸ்டீயரிங்கில் ஓடுவதும் இந்த இனத்துச் சிவப்பு எண்ணெய்தான். அரிசி ஆலை லாரிகள் நிறைந்த ஊரில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) என்று கேட்டால் கடைக்காரர் ஒரு கணம் யோசிப்பார். ஸ்டீயரிங் ஆயில் என்றால் கை தானாக அலமாரிக்குப் போகும். அந்தச் சிவப்பு பிறவி நிறமல்ல, சாயம். வண்டிக்கு அடியில் சொட்டு கிடந்தால், ஒழுகுவது இன்ஜினா கியர்பாக்ஸா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியட்டும் என்று கலந்தது.

சாதாரண கியர்பாக்ஸில் எண்ணெய்க்கு வேலை குறைவு: பற்சக்கரம் தேயாமல் காக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் அதன் தலையில் கட்டிய வேலைகளைப் பாருங்கள். இன்ஜினின் விசையை டார்க் கன்வெர்ட்டர் வழியாகச் சக்கரப் பக்கம் தள்ளுவதே இந்த எண்ணெய்தான். வால்வு பாடி என்ற உலோகப் பாளத்தில் புழு துளைத்ததுபோல் ஓடும் சந்துகளில் அழுத்தமாகப் பாய்ந்து எந்த கியர் விழ வேண்டும் என்று தீர்மானிப்பதும் இதுதான். சூட்டைச் சுமந்து ரேடியேட்டர் பக்கம் கொண்டுபோவதும் இதுதான். இவ்வளவுக்கும் மேல், எண்ணெயில் முங்கிக் கிடக்கும் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கவும் இது துணை நிற்க வேண்டும். பற்சக்கரத்தில் வழுக்க வேண்டும், கிளட்ச் தட்டில் பிடிக்க வேண்டும். உராய்வைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும் இந்தத் தொடரில் இப்படி இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்த எண்ணெய் இதுவரை வந்ததில்லை.

அந்தப் பிடிமானத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. சுழலும் இரண்டு தட்டுகள் நெருங்கி ஒரே வேகத்துக்கு வரும் கடைசிக் கணத்தில் உராய்வு திடீரென்று ஏறும். வண்டி ஒரு வெட்டு வெட்டும். அதை மழுங்கடிக்க, உலோகத்தின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும் ஏதோ ஒன்றை எண்ணெயில் கலக்க வேண்டும். 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் ஹைட்ரா-மேட்டிக் கியர்பாக்ஸை விற்கத் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸ், 1949இல் ‘டைப் ஏ’ என்று ஆட்டோமேட்டிக் எண்ணெய்க்குத் தரம் வகுத்தது. அந்த எண்ணெய்களில் படலம் போட்டது எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெய்.

ஆம், கடலில் நீந்தும் திமிங்கலம்தான். கணவாய் தின்று வளரும் இந்தப் பெரிய உயிரின் தலைக்குள் எண்ணெய் நிறைந்த ஓர் உறுப்பு இருக்கிறது. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போல அது கொழுப்பு வகையைச் சேர்ந்ததல்ல. திரவமாக இருக்கும் மெழுகு. சூட்டில் எளிதில் கெடாது, பிசின் பிடிக்காது, உலோகத்தைவிட்டு விலகாது. அடிக்கடி ‘திமிங்கல உமிழ்நீர் கடத்தியவர்கள் கைது’ என்று நாளிதழில் படிக்கிறோமே, அந்த அம்பர்கிரீஸ் உருவாவதும் இதே திமிங்கலத்தின் குடலில்தான். நம் பக்கத்திலேயே திருகோணமலைக் கடலில் இவை கூட்டமாகத் தென்படும்.

1953இல் செவ்ரலே தன் முதல் கார்வெட்டை வெளியிட்டது. அமெரிக்காவின் பேர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். அந்த ஆண்டு செய்தது 300 வண்டிதான், அத்தனையும் வெள்ளை. கையால் போடும் கியர் ஒன்றில்கூட இல்லை. எல்லாவற்றிலும் பவர்கிளைடு என்ற இரண்டு வேக ஆட்டோமேட்டிக். ஸ்போர்ட்ஸ் காரில் ஆட்டோமேட்டிக்கா என்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். உள்ளே ஓடிய எண்ணெயில் திமிங்கலம் இருந்தது பற்றி யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

1967இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த டெக்ஸ்ரான் என்ற புதுத் தர எண்ணெயிலும் அது தொடர்ந்தது. 1970இல் அமெரிக்க அரசு எண்ணெய்த் திமிங்கலத்தை அழியும் உயிர்ப் பட்டியலில் சேர்த்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் கதவை முழுக்கச் சாத்தியது. வேதியியலாளர்கள் ஓடினார்கள். திமிங்கலம் இல்லாமல் வந்த முதல் டெக்ஸ்ரான்-2, ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானின் பற்றவைப்பை அரித்தது. துரு தடுக்கும் பொருள் சேர்த்து அடுத்த பதிப்பில் சரி செய்தார்கள். மாற்று தேடிய காலத்தில் ஹோஹோபா என்ற பாலைவனச் செடிக்கும் யோகம் அடித்தது. அதன் விதையில் இருப்பதும் திரவ மெழுகுதான், திமிங்கல எண்ணெய்க்கு நெருங்கிய உறவு. 1960களிலேயே ஜோத்பூரின் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் இஸ்ரேலிலிருந்து விதை தருவித்து இதை வளர்த்துப் பார்த்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காருக்கு நூறு வருடம் முன்பே இந்த எண்ணெய் துணி உலகத்துக்குள் நுழைந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூற்பாலைகளில் ஆயிரக்கணக்கில் சுழன்ற கதிர்களுக்கு விட்டது திமிங்கல எண்ணெய். இலேசானது, நூலோடு மல்லுக்கட்டாது. பெட்ரோலியம் வந்து அதை ஓரங்கட்டியது. ஸ்பிண்டில் ஆயில் என்ற பெயர் மட்டும் கடையில் இன்றும் நிற்கிறது. ஆரணித் தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜக்கார்டு பெட்டி பாவுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் விடாவிட்டால் முரண்டு பிடிக்கும். ஒரு சொட்டு அதிகமானால் கீழே புடவை போயிற்று.

சரி, டிப்ஸ்டிக்குக்கு வருவோம்.

இன்ஜின் ஆயில் பார்ப்பதுபோல் காலையில், குளிர்ந்த வண்டியில் பார்த்தால் கணக்குத் தப்பும். இன்ஜின் நின்றதும் கன்வெர்ட்டரில் இருக்கும் எண்ணெய் வடிந்து கீழே இறங்கிவிடும். அளவு கூடுதலாகத் தெரியும். சூடு ஏறினால் எண்ணெய் விரியும். ஆகவே ஆற்காடு பக்கம் ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து, சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி நெம்புகோலை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்தி ‘பி’யில் விடுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அந்த மெர்சிடிஸுக்கு எண்ணெய் 80 டிகிரி இருக்கும்போது பார்க்க வேண்டும். கை சுடும், ஜாக்கிரதை. எல்லா வண்டிக்கும் இதே விதி கிடையாது. பழைய கிரைஸ்லர்களில் நியூட்ரலில் பார்க்க வேண்டும். பல ஹோண்டாக்களில் இன்ஜினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும்.

துடைக்கும் துணி முக்கியம். பட்டறையில் கைக்குக் கிடைப்பது பனியன் வேஸ்ட். பருத்தி இழையின் நீளம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும், வால்வு பாடிச் சந்தில் போய் அடைக்கும். பட்டோ ஒரு கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் அறுபடாமல் வரும் இழை. பிசிறு விடாத துணி என்று கையேடுகள் கேட்பது ஆரணியில் வீட்டுக்கு வீடு கிடக்கிறது. பழைய பட்டு வேட்டியில் ஜரிகை இல்லாத பகுதியாகப் பார்த்துக் கிழித்துக்கொள்ளுங்கள்.

துடைத்து, செருகி, மறுபடி உருவுங்கள். கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே இருப்பது, வண்டியைப் பொறுத்து, கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர்தான். குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். கூடினால் பற்சக்கரம் கடைந்து நுரை ஆக்கும். இரண்டிலும் கிளட்ச் வழுக்கும். அதனால் நீளமான புனல் வைத்து அதே குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விட்டுப் பாருங்கள்.

நிறத்தையும் பாருங்கள். ஒளி ஊடுருவும் சிவப்பு என்றால் நலம். பழுப்பு என்றால் வயதாகிவிட்டது. கறுத்துக் கருகல் வாடை அடித்தால் கிளட்ச் தட்டு எரிந்திருக்கிறது. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது. வண்டியை அங்கேயே நிறுத்துங்கள், ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அந்த எஸ்.எல்.லில் நிறம் பழுப்பு, வாடை இல்லை. மாற்ற வேண்டிய நேரம். பிறகு வந்த கார்களில் இந்தச் சோதனைக்கே இடமில்லை. 1990களின் நடுவில் மெர்சிடிஸ் தன் புதிய ஐந்து கியர் பெட்டியில் டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டுக் குழாயை மூடிப் பூட்டியது: ஆயுளுக்கும் ஒரே எண்ணெய் என்று கணக்கு. கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில், மாற்றச் சொல்கிறது. எனக்குப் பெட்டியைச் செய்தவன் பேச்சில்தான் நம்பிக்கை.

அடித்தட்டு, வடிகட்டி, காந்தத்தில் ஒட்டும் சாம்பல் துகள், கன்வெர்ட்டரில் தங்கிவிடும் பாதி எண்ணெயை வடிப்பது – எல்லாம் அடுத்த வாரம். திமிங்கலம் இனி வராது.

அதுவரை ஒரே ஒரு வேண்டுகோள். சிவப்பாக இருக்கிறது என்பதற்காக எதையும் ஊற்றாதீர்கள். பழைய ஃபோர்டு மஸ்டாங் கேட்ட ‘டைப் எஃப்’ எண்ணெயும் சிவப்புதான். அதில் பிடியை மழுங்கடிக்கும் கலவையே கிடையாது. டெக்ஸ்ரான் கேட்கும் பெட்டியில் அதை விட்டால் வண்டி வெட்டும். டைப் எஃப் கேட்கும் பெட்டியில் டெக்ஸ்ரானை விட்டால் கிளட்ச் வழுக்கும். கையேட்டில் போட்டிருக்கும் தரத்தின் பெயரை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கையேடு தொலைந்திருந்தால், கியர்பாக்ஸின் பக்கவாட்டில் பொறித்த எண்ணைத் துடைத்துக் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் அது தேவைப்படும்.