லண்டன் கோர்ட்டில் ஜெயித்த நடராஜர்... சாட்சி சொன்ன இரா.நாகசாமி யார்?

70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி கொல்லிமலைக்குப் போனவங்க, ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் முன் அறப்பளீஸ்வரர் கோயிலைப் பார்த்திருப்பீங்க. சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள கோயில். இப்படி ஒரு கோயிலின் சிலை நாளைக்கே வெளிநாட்டு மியூசியத்தில் நின்றால், 'இது எங்க ஊர் சாமி' என்று எப்படி நிரூபிப்பது?

அதைச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர், கலை வரலாற்று அறிஞர் இரா.நாகசாமி (1930 - 2022). 1966 முதல் 1988 வரை தமிழ்நாடு தொல்லியல் துறை இயக்குநர். செங்கம் நடுகற்களைப் பதிவு செய்தது, கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேடு அகழாய்வு எனப் பட்டியல் நீளம்.

என்ன வழக்கு?

1976-ல் தஞ்சைப் பகுதியில் உள்ள பத்தூரில், மண்ணைத் தோண்டிய கூலித் தொழிலாளிக்கு ஒரு நடராஜர் கிடைத்தது. கைமாறி லண்டன் போன அந்தச் சிலையை 1982-ல் பம்பர் என்ற கனடா நிறுவனம் வாங்கியது. போலீஸ் கைப்பற்றியதும், 'காசு கொடுத்து வாங்கினோம், எங்களுடையது' என்று வழக்கு போட்டது அந்த நிறுவனம்.

நாகசாமி என்ன செய்தார்?

சிலை புதைந்து கிடந்ததால், கோயிலில் இருந்ததற்கு போட்டோ கிடையாது. ஆனால், அதே இடத்தில் வேறு செப்புத் திருமேனிகளும் கிடைத்திருந்தன. முகம், நகை, ஆடை மடிப்பு, பீடம்... ஒவ்வொரு காலத்துச் சிற்பிக்கும் ஒரு கைவாகு உண்டு. கையெழுத்து மாதிரி. அதை ஒப்பிட்டுத்தான் நிபுணர்கள் வாதாடினார்கள். தமிழ்நாட்டுத் தரப்பில் சாட்சி சொன்னவர் நாகசாமி. 1988-ல் கோயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு. மேல்முறையீடும் தோற்க, 1991-ல் நடராஜர் ஊர் திரும்பினார். நாகசாமிக்கு 2018-ல் பத்ம பூஷண் கிடைத்தது.

நமக்கு என்ன?

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடுபோன நடராஜரை, 2008-ல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய போட்டோ காட்டிக்கொடுக்க, 2014-ல் அவரும் திரும்பினார்.

ஒரு சிலையை மீட்டது பழகிய கண். இன்னொன்றை மீட்டது யாரோ எப்போதோ எடுத்து வைத்த போட்டோ. அடுத்த முறை கொல்லிமலை ட்ரிப்பில், அனுமதி உள்ள இடத்தில், செல்ஃபியோடு சேர்த்து அந்தக் கல்வெட்டுச் சுவரையும் ஒரு க்ளிக் எடுங்க. என்றைக்காவது அதுவும் சாட்சி சொல்லலாம்!