மணலில் எழும் உலகம்

அகவை முதிர்ந்தோர் தம் துன்பத்தைப் பிறரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வர். குழந்தைக்கு அவ்வாய்ப்பு இல்லை. அச்சம், சினம், ஏக்கம் என்னும் பெயர்களை அறியுமுன்னரே அவ்வுணர்ச்சிகளால் அது தாக்குண்டு விடுகிறது. சொல்லாக வெளிவராத துன்பம் வேறு வடிவில் வெளிப்படும். நன்கு பேசிவந்த சிறுவன் வாய்மூடி ஆகிறான். அமைதியாக இருந்த சிறுமி உடன்பயில்வோரைக் கடிக்கிறாள். மற்றொரு பிள்ளைக்குப் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் நாள்தோறும் வயிறு வலிக்கிறது. இவற்றைக் குறும்பு என்றும் சோம்பல் என்றும் கொண்டு தண்டித்தால் துன்பம் உள்ளேயே தங்கிவிடும். இத்தகைய பிள்ளைகளின் உள்ளத்தை விளையாட்டின் வாயிலாக அறிந்து ஆற்றும் முறையே விளையாட்டு மருத்துவம் ஆகும்.

விளையாட்டே மொழி

உளநூல் அறிஞர் சிக்மண்ட் பிராய்டு 1920-இல் வெளியிட்ட நூலொன்றில், ஒன்றரை அகவைக் குழந்தை ஒன்றின் விளையாட்டை விளக்கியுள்ளார். தாய் பிரிந்து சென்றாலும் அக்குழந்தை அழுவதில்லை. ஆனால் நூல் கட்டிய மரச் சுருளைக் கட்டிலின் திரைக்கு அப்பால் எறிந்து மறையச் செய்யும். பின்னர் இழுத்து, அது தோன்றக் கண்டு மகிழும். தாயின் பிரிவைத் தடுக்க இயலாத குழந்தை, போவதையும் வருவதையும் விளையாட்டில் தன் கைவசப்படுத்திக் கொண்டது என்பது அவர் கண்ட விளக்கம்.

விளையாட்டில் பொருள் உண்டு என்பதில் அறிஞர் ஒன்றுபட்டனர். அப்பொருளைக் கூறும் உரிமை யாருக்கு என்பதில்தான் வேறுபட்டனர். மெலனி கிளைன் அம்மையார், முதியோர் மனம்போன போக்கில் பேசும் பேச்சுக்கு நிகரானது குழந்தையின் விளையாட்டு என்று கருதினார். அதில் மறைந்துள்ள பொருளைக் குழந்தைக்கே எடுத்துரைத்தார். பிராய்டின் மகளார் அன்னா பிராய்டு இதனை முழுதும் ஏற்கவில்லை. பொம்மை விளக்குக் கம்பத்தைக் குழந்தை கவிழ்த்தால் அதில் ஆழ்ந்த மறைபொருள் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. முந்திய நாள் தெருவில் கண்ட நிகழ்ச்சியை அது திரும்பச் செய்து பார்க்கலாம் என்று 1920-களில் அவர் எடுத்துக்காட்டினார்.

மணற்றட்டு

இவ்விருவர் வழியினும் வேறான வழி கண்டவர் மார்கரெட் லோவன்பெல்டு என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி. அவர் 1928-இல் இலண்டனில், உளத்தளர்ச்சி உற்ற பிள்ளைகளுக்கும் அடக்க இயலாத பிள்ளைகளுக்கும் எனச் சிறு மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினார். எச். ஜி. வெல்ஸ் என்னும் எழுத்தாளர் தம் மைந்தர் இருவருடன் தரையில் தீவுகளும் நகரங்களும் அமைத்து ஆடியதைக் கூறும் நூல் 1911-இல் வெளிவந்தது. அதனை முன்னரே படித்திருந்த லோவன்பெல்டு, சிறு பொம்மைகள், மணிகள், வண்ணக் குச்சிகள், தாள் துண்டுகள் முதலியவற்றைத் திரட்டி வைத்தார். மணலும் நீரும் கொண்ட தட்டுகளும் பின்னர் இடம்பெற்றன.

எவரும் ஏவாமலே பிள்ளைகள் பொம்மைகளை எடுத்து மணலில் அடுக்கினர்; அமைத்த காட்சிக்கு 'உலகம்' என்று தாமே பெயரிட்டனர். முறையைக் கண்டவர்கள் உண்மையில் அப்பிள்ளைகளே.

மணலில் வீடு கட்டுவது தமிழ் இலக்கியம் நன்கறிந்த ஆடல். மகளிர் இழைத்த சிற்றிலைச் சிதைப்பது ஆண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவமாகவே அமைந்துள்ளது. ஆயினும் இலண்டனில் எழுந்த சிற்றில்கள் நோயுற்ற உள்ளத்தின் படங்களாகவும் அமைந்தன.

சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வரும். ஆனால் தாயிடம் அன்பும் அவள்மேல் சினமும் அவளை இழந்துவிடுவோமோ என்னும் அச்சமும் குழந்தை நெஞ்சில் ஒருங்கே நிற்பவை. மணற்றட்டோ அனைத்தையும் ஒருசேரக் காட்டவல்லது. இதுவே லோவன்பெல்டு கண்ட நுட்பம். புலி என்றால் தந்தை, வேலி என்றால் அச்சம் என்று பொருள் கூறும் அகராதி எதனையும் அவர் மேற்கொள்ளவில்லை. "இது என்ன?" என்று குழந்தையையே கேட்டார், கண்டதையும் கேட்டதையும் குறித்து வைத்தார். சுவிட்சர்லாந்து நாட்டு டோரா கால்ப் அம்மையார் இம்முறையை அவரிடம் பயின்று, தம் வழியில் வளர்த்தார்.

உரிமையும் வரம்பும்

அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு நெறி வகுத்தது. விளையாட்டறையில் குழந்தையே வழிகாட்டும், மருத்துவர் பின்தொடர்வார், விரைவுபடுத்த மாட்டார். ஆயினும் எல்லாம் செய்யலாம் என்பதில்லை. அடிக்க எழும் கைக்குத் தடை உண்டு. எழுந்த சினத்துக்குத் தடை இல்லை. குறித்த நேரத்தில் ஆட்டம் முடியும். வரம்பு உறுதியாக நிற்பதால், தன் சினம் யாரையும் அழித்துவிடாது என்று குழந்தை தெளிகிறது.

பன்னிரண்டு, பதினான்கு அகவையினர் பொம்மையைத் தொட நாணுவர். அவர்க்கு வரைதல், களிமண் வேலை, நாடகம் முதலியன பொருந்தும். டொனால்டு வினிகாட் என்னும் ஆங்கிலக் குழந்தை மருத்துவர் கிறுக்கல் விளையாட்டு ஒன்றைக் கையாண்டார். அவர் தாளில் ஒரு கோட்டைக் கிறுக்குவார். பிள்ளை அதனை ஓர் உருவமாக்கும். பின் பிள்ளை கிறுக்க, அவர் உருவமாக்குவார். அவ்வாட்டத்தின் நடுவே, நேரே கேட்டால் வாராத பேச்சு தானே வரும்.

இம்முறையின் பயனைப் பற்றிய 93 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஆராய்ச்சி ஒன்று 2005-இல் வெளிவந்தது. மருத்துவம் பெற்ற பிள்ளைகள் பெறாதவரினும் தெளிவாக முன்னேறினர் என்றும், பெற்றோரும் பயிற்சி பெற்றுப் பங்குகொண்ட இடத்தில் பயன் மிகுந்தது என்றும் அது காட்டுகிறது.

ஆசிரியர்க்கு

வகுப்பறை மருத்துவ நிலையம் அன்று. மாணவன் வரைந்த படத்தையோ ஆடிய ஆட்டத்தையோ கொண்டு அவன் குடும்பத்தைப்பற்றி முடிவு கட்டுவது ஆசிரியர் செய்யத்தக்கது அன்று. அது தீங்காகவும் முடியலாம். துயரம் நீடிப்பதைக் கண்டால் பெற்றோரிடம் கூறிப் பயிற்சி பெற்றோரிடம் அனுப்புவதே முறை. எனினும் ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. இயல்பு மாறிய பிள்ளையைக் கண்டவுடன், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று அதட்டுவதை விடுத்து, அது வரைந்ததையோ செய்ததையோ காட்டி, "இதைப்பற்றிச் சொல்" என்று கேட்டுக் காத்திருக்கலாம். முதல் நாளே விடை வாராது. கேட்பதற்கு ஒருவர் உளர் என்னும் துணிவு பிறந்த பின்னரே பிள்ளை வாய்திறக்கும்.